ஊர் தூங்குது... காது தூங்கலை!

ஒரு சின்னப் பரிசோதனை. இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு, டி.வி., மொபைல், மோட்டார் எல்லாம் ஓய்ந்தபிறகு, ஃபேனையும் ஐந்தே நிமிஷம் ஆஃப் பண்ணிவிட்டுக் கண்ணை மூடி உட்காருங்கள். (கொசுவுக்கு நாங்கள் பொறுப்பல்ல!) என்ன கேட்கிறது?

'ஒண்ணுமே கேக்கலையே' என்றால் நீங்கள் அபூர்வப் பிறவி. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே செய்து பார்த்தார்கள். காதில் ஒரு கோளாறும் இல்லாத 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, 'என்ன கேட்கிறது, சொல்லுங்கள்' என்றார்கள். 94 சதவிகிதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ரீங்காரம் என்றார் ஒருவர், விஸில் என்றார் இன்னொருவர். அறைக்குள் அப்படி எந்தச் சத்தமும் கிடையாது!

ஆக, கொஞ்சம் இரைச்சல் எல்லார் தலைக்குள்ளும் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு அது பேங்க் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. இருக்கிறார், ஆனால் நாம் கவனிப்பதில்லை. சிலருக்கு மட்டும் அவர் உள்ளே வந்து, தோளில் கை போட்டு, இருபத்து நாலு மணி நேரமும் விஸில் ஊத ஆரம்பித்து விடுகிறார். அப்போதுதான் வாழ்க்கை நரகமாகிறது.

அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டின்னிடஸ். 'மணியடிக்கிற' என்று அர்த்தம் தரும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. ஆயுர்வேதக்காரர்கள் கர்ண நாதம் என்பார்கள். நம் ஊரில், 'காதுல ஙொய்ங்னு ஒரே சத்தம்.'

பஸ்ஸுக்கு ஏழு பேர்!

'இந்த மாதிரி அவஸ்தை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான்' என்றுதான் இது வந்தவர்கள் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் சுமார் 14 சதவிகிதம் பேருக்கு இது ஏதாவது ஒரு அளவில் இருக்கிறது. எண்ணிக்கையில் 74 கோடிக்கும் மேல். அதில் 12 கோடிப் பேருக்கு மேல் கடுமையாகப் படுத்துகிறது.

ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு பேர் இந்தக் கட்சி. ஒருத்தர் அடுத்த ஸீட்டுக்காரரிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். தலையில் கட்டு இல்லை, கையில் மாவுக்கட்டு இல்லை, தெர்மாமீட்டர் வைத்தாலும் ஒன்றும் காட்டாது. எப்படித் தெரியும்?

வயதானவர்கள் விவகாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 12 முதல் 35 வயதுக்குள் இருக்கும் நூறு கோடிப் பேருக்கு மேல், காதில் சத்தத்தைக் கொட்டிக்கொண்டே கேட்கும் திறனை இழக்கிற ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த இழப்புக்கு முன்னோட்டமாக வந்து மணியடிப்பது பல சமயங்களில் இந்த இரைச்சல்தான்.

ரேடியோ ரகசியம்

வெளியே இல்லாத சத்தம் உள்ளே எப்படிக் கேட்கிறது?

பழைய வால்வு ரேடியோ பார்த்திருக்கிறீர்களா? ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காவிட்டால் தாத்தா என்ன செய்வார்? வால்யூமைத் திருகி ஏற்றுவார். பாட்டு வராது. 'கொர்ர்ர்' என்று இரைச்சல்தான் வரும். கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும்.

நம் உள்காதில் நத்தை வடிவத்தில் ஒரு சமாசாரம் இருக்கிறது. அதற்குள் சுமார் பதினைந்தாயிரம் மெல்லிய முடி செல்கள். சத்தத்தை மின்சாரச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான். பெருஞ்சத்தம் இவற்றை நாசம் பண்ணும். முதுமையும் பண்ணும். சில மருந்துகளும் பண்ணும். அந்தக் காலத்தில் டி.பி.க்காக ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர் காதைப் பறிகொடுத்தது இப்படித்தான். தலைமுடியாவது கொட்டினால் சில நேரம் முளைக்கும். இந்த முடி செல்கள் போனால் போனதுதான்.

சில செல்கள் படுத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து மூளைக்கு வரவேண்டிய செய்தி குறைகிறது. மூளை சும்மா இருக்குமா? தாத்தா மாதிரி வால்யூமை ஏற்றுகிறது. அப்போது எழும் இரைச்சல்தான் ஙொய்ங். கால் போனவருக்கு இல்லாத கட்டைவிரலில் அரிப்பு எடுக்கும் என்பார்களே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். ஆகவே, 'எல்லாம் பிரமை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தம் வெளியே இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் கேட்பது நிஜம்.

எல்லா இரைச்சலும் இந்த ரகம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில பேருக்குக் காதுக்குள் கெட்டியாகிப்போன குறும்பி அழுக்குதான் வில்லன். டாக்டர் பக்குவமாக எடுத்துவிட்டால் ஆசாமி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். நடுக்காதில் சீழ், தாடை மூட்டுக் கோளாறு, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்குவது... இப்படிச் சரிபண்ணக்கூடிய காரணங்களும் உண்டு. அதனால்தான் முதல் கதவு ஈ.என்.டி. டாக்டர் கதவாக இருக்கவேண்டும்.

மானாம்பதி ராத்திரி

இப்போது ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். குமார் என்று பெயர் வைப்போம். சொந்த ஊர், உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. வேலை, சென்னை கிண்டியில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால். வாடகை ரூமில் ஜாகை. ரூமிலிருந்து ஆபீஸுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஆபீஸில் கேட்கும் பாட்டு தனி. காதிலிருந்து இயர்போன் இறங்குவது குளிக்கும்போது மட்டும்தான். பஸ் சத்தத்தை அமுக்க வால்யூம் எப்போதும் உச்சத்தில்.

ஒரு நாள் வலது காதில் லேசாக ஆரம்பிக்கிறது. சென்னையில் பெரிதாகத் தெரியவில்லை. ஹாரன், ஏ.ஸி., ரூம்மேட் குறட்டை எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடுகின்றன. சனிக்கிழமை ராத்திரி செங்கல்பட்டு, உத்திரமேரூர் என்று பஸ் மாறி ஊருக்கு வருகிறார். கடைசி பஸ்ஸும் போயாச்சு. டீக்கடை சாத்தியாச்சு. வயல்பக்கம் தவளைகூட ஓய்ந்த நேரம். 'அப்பாடா, நிம்மதி' என்று தலையணையில் சாய்கிறார். 'ஙொய்ய்ய்ங்...'

சென்னையில் கொசு அளவு இருந்தது, இங்கே ரைஸ் மில் சங்கு அளவு! சத்தம் ஒன்றும் கூடவில்லை. சுற்றியிருந்த சத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். பகலில் தெரியாத நட்சத்திரம் ராத்திரி தெரிகிற மாதிரி. நிம்மதி தேடி வருகிற கிராமத்து அமைதியே இவருக்கு எதிரியாகிவிட்டது பாருங்கள்.

விடிந்ததும் விஷயம் வெளியே வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்திலேயே, குடவோலை முறையில் தேர்தல் நடத்திக் கல்வெட்டில் செதுக்கி வைத்த உத்திரமேரூர் மண்ணாயிற்றே! ஆளுக்கொரு வைத்தியத்தை ஓலையில் எழுதிப் பானையில் போடுகிறார்கள்.

"நல்லெண்ணையில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு ஊத்துடா" - இது ஆயா.

"மெடிக்கல்ல சொட்டு மருந்து குடுப்பான், வாங்கி வுடு" - பக்கத்து வீட்டு மாமா.

"எங்களுக்குக் கேக்கலியேடா, உனக்கு மட்டும் எப்படி?" - அப்பா. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிறார்.

"கண்டதையும் நெனச்சிக்காத. கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாப் போயிடும்" - பெரியம்மா. (எந்த வியாதிக்கும் நம் ஊரில் இந்த மாத்திரை ஒன்று உண்டு.)

எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், 'ராத்திரி எத்தனை மணிக்குடா தூங்கின?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் குமார் அழுதிருப்பார். மூன்று வாரமாக விடிகாலை நாலு மணிக்குத்தான் கண் மூடுகிறது. ஆபீஸில் கணக்கு தப்புகிறது. 'இனி ஆயுசு முழுக்க இப்படியேதானா?' என்ற கேள்வி, காதுச் சத்தத்தைவிடப் பெரிசாகத் தலைக்குள் கேட்கிறது.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போகிறார். கூட்டம் வழியும் ஓ.பி. இரண்டு நிமிஷம். "இதுக்கு மருந்து கிடையாதுப்பா. பழகிக்கோ." அடுத்த டோக்கன்!

பாதி உண்மை

'பழகிக்கோ.' உலகம் முழுக்க டின்னிடஸ்காரர்கள் கேட்டுக் கேட்டு நொந்துபோன வார்த்தை இது. ஒரு வேடிக்கை என்னவென்றால், டாக்டர் சொன்னது பாதி சரி. இந்த இரைச்சலை அடியோடு துடைத்தெறியும் மாத்திரை இன்றைய தேதிவரை கிடையாது. பழகுவதுதான் வைத்தியம். ஆனால், எப்படிப் பழகுவது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள், முறை இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது என்கிற மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றங்கரையில் நிறுத்தி, 'நீந்திக்கோ' என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

பழவந்தாங்கலில் ரயில்வே லைனை ஒட்டிக் குடியிருக்கும் நண்பர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். ஒவ்வொரு எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கும் நீங்கள் எழுந்து உட்காருவீர்கள். நண்பர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். இரண்டு பேர் காதுக்கும் வந்து விழுவது ஒரே சத்தம். அவருடைய மூளை, 'இதால ஒண்ணும் ஆபத்தில்லை, விடு' என்று எப்போதோ ஃபைலை க்ளோஸ் பண்ணிவிட்டது. உங்கள் மூளை ஒவ்வொரு தடவையும் புது ஃபைல் திறக்கிறது.

டின்னிடஸில் நடப்பதும் இதுதான் என்று 1984-ல் இங்கிலாந்து உளவியல் நிபுணர் ஹாலமும் அவர் சகாக்களும் எடுத்துச் சொன்னார்கள். 1990-ல் ஜஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி அதை மூளை, நரம்புகளின் கோணத்திலிருந்து விரித்தார். சத்தம் வருகிறது. 'ஐயோ, ஏதோ பெரிய வியாதி' என்று பயம் வருகிறது. பயந்தால் மூளை உஷாராகிறது. உஷாரான மூளை அதே சத்தத்தை இன்னும் உற்றுக் கேட்கிறது. உற்றுக் கேட்டால் சத்தம் பெரிசாகத் தெரிகிறது. பெரிசானால் பயம் ஜாஸ்தியாகிறது. தூக்கம் போகிறது. தூக்கம் போனால் மறுநாள் எல்லாமே இரண்டு மடங்கு. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தச் சக்கரத்தில் சத்தம் ஒரு பல் மட்டும்தான். அதை உடைக்க முடியாவிட்டாலும் பயம், தூக்கமின்மை என்கிற மற்ற பற்களில் கட்டையைக் கொடுத்துச் சக்கரத்தை நிறுத்தலாம். ஆகவே காதுக்கு ஒரு வைத்தியர், மனசுக்கு ஒரு வைத்தியர், இரண்டு பேருமே தேவை.

ஃபவுன்டன் சொன்ன பாடம்

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தில் ஜாக் வெர்னன் என்று ஒரு ஆராய்ச்சியாளர். அவரைப் பார்க்க சார்ல்ஸ் யூனிடன் என்ற டாக்டர் வந்தார். யூனிடனுக்கே டின்னிடஸ். 1970-களில் ஒருநாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து, ஊரின் நடுவே உள்ள லவ்ஜாய் நீரூற்றுப் பக்கம் போனார்கள். அருவி மாதிரித் தண்ணீர் கொட்டுகிற இடம். அங்கே நின்றபோது யூனிடனுக்குத் தன் காதின் இரைச்சல் கேட்கவில்லை! அந்த இடத்தை விட்டு நகரவே மனசில்லையாம். வெளிச் சத்தத்தால் உள் சத்தத்தைத் தணிக்கிற கருவிகளை வெர்னன் உருவாக்கக் காரணம் அந்த நீரூற்றுதான்.

நமக்குப் போர்ட்லண்ட் போக வேண்டாம். குமார் ராத்திரியில் செய்யவேண்டிய முதல் காரியம், முழு அமைதியில் படுக்காமல் இருப்பது. டேபிள் ஃபேன், மெலிதாக ரேடியோ, மொபைலில் மழைச் சத்தம், எதுவானாலும் சரி. ஒரே ஒரு விதி: காதில் இயர்போனைச் செருகாமல் அறையில் ஓடவிடவேண்டும். இரைச்சலை முழுக்க முழுகடிக்கிற மாதிரியும் வைக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கிற அளவுக்கு, கொஞ்சம் தாழ்வாக. அப்போதுதான் மூளை அதோடு பழகும். கேட்கும் திறனும் குறைந்திருந்தால் காதுக்கருவியே பாதி வைத்தியம். வெளிச் செய்தி ஒழுங்காக வந்தால் தாத்தா ஏன் வால்யூமை ஏற்றப் போகிறார்?

'நான் என்ன பைத்தியமா?'

மனநல ஆலோசகர் என்றதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பல் வலிக்காரர் பல் டாக்டரிடம் போவது மாதிரிதான் இதுவும். தூங்க முடியாமல், சிந்தனையை நிறுத்த முடியாமல் தவிப்பவர் அதற்குப் பயிற்சி தருபவரிடம் போகிறார்.

அங்கே தரும் முக்கியமான பயிற்சிக்கு சி.பி.டி. என்று பெயர். நினைப்பையும் நடத்தையையும் திருத்தி அமைக்கும் சிகிச்சை. மந்திரம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 'இந்தச் சத்தத்தால் என் வேலை போய்விடும்' என்று தோன்றுகிறதா? எழுது. அதற்கு ஆதாரம் என்ன? எழுது. இந்த மாதம் எத்தனை நாள் ஆபீஸ் போனாய், எத்தனை நாள் வேலையை ஒழுங்காக முடித்தாய்? அதையும் எழுது. எழுதிப் பார்த்தால் பூதம் கொஞ்சம் இளைத்துத் தெரியும். கூடவே மூச்சுப் பயிற்சி, தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்ட சினிமா, கிரிக்கெட், கல்யாண வீடுகளுக்கு மெல்ல மெல்லத் திரும்புவது...

வேலை செய்கிறதா? 28 ஆய்வுகள், 2,733 பேர் கொண்ட தொகுப்பு 2020-ல் வெளியானது. சிகிச்சை முடியும்போது டின்னிடஸ் தரும் அவஸ்தை குறைகிறது என்பது அதன் முடிவு. வருஷக்கணக்கில் அந்தப் பலன் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு ஆதாரம் இன்னும் போதவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். சத்தத்தின் அளவு குறையும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. அது உங்களைப் படுத்துகிற பாடு குறையும். தூக்கம் வந்தால் போதும் என்றிருப்பவருக்கு இது சின்ன வரமா?

அமெரிக்காவின் ஈ.என்.டி. நிபுணர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் சி.பி.டி.யைப் பரிந்துரைக்கிறது. ஜிங்கோ, துத்தநாகம், விட்டமின் வகையறா டப்பாக்களை டின்னிடஸுக்கென்று கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 'முப்பதே நாளில் காதிரைச்சல் காணாமல் போகும்' என்ற விளம்பரத்துக்கு மணியார்டர் கட்டப் போகிறவர்கள்... மன்னிக்க, ஜி-பே பண்ணப் போகிறவர்கள் கவனிக்க!

பீத்தோவன் மறைத்தது

1801-ல் இசை மேதை பீத்தோவனுக்கு வயது முப்பது. ராத்திரி பகலாகக் காதில் இரைச்சல், கேட்கும் திறனும் குறைகிறது. இசைக்காரனுக்குக் காது போச்சு என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இரண்டு வருஷமாக விருந்து, கூட்டம் எதற்கும் போகாமல் ஒதுங்கியே இருந்தார். கடைசியில் தாங்காமல், டாக்டராக இருந்த பால்ய நண்பர் வேகலருக்குக் கடிதத்தில் கொட்டினார். மறு வருஷம் தம் சகோதரர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், உயிரை விட்டுவிடும் எண்ணம்வரை போனதையும், இசைதான் தன்னைப் பிடித்து நிறுத்தியதையும் எழுதி வைத்தார். அவருடைய புகழ்பெற்ற சிம்பொனிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு பிறந்தவை.

இருநூறு வருஷம் கழித்து நம் நாட்டில் ஒரு பாடகி வேறு வழியில் நடந்தார். பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கியபோது திடீரென்று காது கேட்கவில்லை என்பதையும், நரம்பு சம்பந்தப்பட்ட கேள்விக் குறைபாடு என்று டாக்டர்கள் கண்டுபிடித்ததையும் 2024 ஜூனில் தாமே வெளிப்படையாகச் சொன்னார். அவருடையது டின்னிடஸ் கேஸ் அல்ல. ஆனால் சொன்ன விதம் கவனிக்கத்தக்கது. ஏன் கச்சேரிகளில் காணோம் என்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். பெருஞ்சத்தமான இசையும் ஹெட்போனும் ஆபத்து என்று இளைஞர்களை எச்சரித்தார்.

சொன்னால்தான் துணை கிடைக்கும். அமெரிக்காவில் 1971-லும் இங்கிலாந்தில் 1979-லும் டின்னிடஸ்காரர்களுக்கென்றே சங்கங்கள் தொடங்கினார்கள். 'உனக்குமா? எனக்கும்தான்!' என்று ஒருத்தர் சொல்லக் கேட்பதில் உள்ள ஆறுதல் எந்த மாத்திரையிலும் கிடையாது.

போகவேண்டிய வழி

மானாம்பதிக்காரரோ மாம்பலத்துக்காரரோ, வழி ஒன்றுதான்.

முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் காது, எத்தனை நாளாக, என்ன மாதிரிச் சத்தம், தலைசுற்றல் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு இரைச்சல். இரண்டு நிமிஷ ஓ.பி.யில் இந்தச் சீட்டு உங்களுக்கு வக்கீல் மாதிரிப் பேசும். கடைசி வரியாக மறக்காமல் இதையும் சேருங்கள்: 'தூக்கம் இல்லை, மனசு சரியில்லை.' காதைப் பற்றி மட்டும் சொன்னால் காதைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இந்த வரிதான் இரண்டாவது கதவைத் திறக்கும்.

உத்திரமேரூர் பக்கத்து ஆட்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈ.என்.டி. பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது சௌகரியம். சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 'ஆடியோகிராம்' என்ற கேள்விச் சோதனை எடுப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. 'பீப்' சத்தம் கேட்டால் சைகை காட்டவேண்டும், அவ்வளவுதான்.

தள்ளிப்போடவே கூடாத சில கேஸ்கள் உண்டு. ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது எமர்ஜென்ஸி. 'சளியா இருக்கும், சரியாயிடும்' என்று காத்திருக்காமல் அன்றே ஓடவேண்டும். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் காது திரும்ப வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்போடு சேர்ந்து 'லப்டப்' என்று கேட்டால், ஒரே காதில் மட்டும் விடாமல் கேட்டால், கூடவே தலைசுற்றலோ முகம் கோணுவதோ இருந்தால், அவற்றையும் உடனே காட்டுங்கள்.

மனசுக்கான கதவு இன்னும் சுலபம். பஸ் செலவுகூட இல்லை. 2022 அக்டோபர் 10-ம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, 'இப்படி இருக்கறதுக்கு...' என்று ஏதாவது விபரீதமாகத் தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே 14416-ஐ அழுத்துங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்புங்கள்.

எழுப்பப்பட்டவருக்கு ஒரு வார்த்தை. 'எனக்குக் கேக்கலியே' என்று சொல்லாதீர்கள். 'கேக்குதா? சரி, நான் முழிச்சிருக்கேன், பேசு' என்று சொல்லுங்கள். போதும். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். பூண்டு எண்ணெயை மட்டும் ரசத்துக்குத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆயா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வருமுன் காக்க...

இதுவரை எதுவும் கேட்காத பாக்கியசாலிகளுக்கு: 80 டெஸிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை காது தாங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெஸிபல் ஆனால் வாரத்துக்கு நாலே மணி நேரம். மொபைலில் வால்யூமை 60 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். பஸ் சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏற்றுவது, பக்கத்து வீட்டுக்காரன் கத்துகிறான் என்று நாம் அதைவிடப் பலமாகக் கத்துவது மாதிரி. தொண்டை போவது நமக்குத்தான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிரஸ் ஷாப்பிலும் மெஷின் ஷாப்பிலும் வேலை பார்க்கும் தம்பிகள், கம்பெனியில் தரும் காதடைப்பானை பாக்கெட்டுக்குப் பதில் காதில் வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் கேட்டு வாங்கலாம். இரைச்சலால் வரும் காது மந்தம் சட்டப்படி தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

டின்னிடஸ் வந்தவர்களுக்கோ ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை யாராவது 'பழகிக்கோ' என்று சொல்லிவிட்டு எழுந்தால் விடாதீர்கள். மரியாதையாக, ஆனால் அழுத்தமாகக் கேளுங்கள்:

"சரிங்க டாக்டர், பழகிக்கறேன். யார்கிட்ட போனா சொல்லிக் குடுப்பாங்க? ஒரு சீட்டு எழுதிக் குடுங்க!"